சனிக்கிழமை, அறை எண் பதினான்கு

கதவில் என் படம்.
மூன்று வருடம் பழையது, பல் தெரியச் சிரிக்கிறேன்.
கீழே: ரோஸ்மேரி அகேயோ, வெற்றித் தொழில்முனைவர்.
ஆளுக்கு இருபது நிமிடம்.
தேநீர் உண்டு.

தேநீருக்காகத்தான் வந்தேன் என்றான் முதல் பையன்.
பொய் சொல்லத் தெரியாதவன்,
விற்பனைக்கு ஆகமாட்டான் என்று நினைத்தேன்.
பொய் சொல்லத் தெரிந்த நான்
எதை விற்றுக் கிழித்தேன்?

ஜன்னலுக்கு வெளியே கிசுமு கொதித்தது.
ஏரி முழுக்க ஆகாயத்தாமரை.
கரை எங்கே தொடங்குகிறதென்று
படகுக்கே தெரியாத மாதம்.

அடுத்தவள் நோட்டும் பேனாவுமாக வந்தாள்.
காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?
நாலரை, என்றேன். எழுதிக்கொண்டாள்,
அடியில் கோடும் போட்டாள்.
ஏன் நாலரை என்று கேட்கவில்லை.
கடன்காரர்கள் ஐந்துக்கு மேல்தான் அழைப்பார்கள்.
அதற்குள் குளித்துவிட வேண்டும்.

ஒன்யுரோ தலை குனிந்தே கேட்டான்:
எனக்கு அரசாங்க வேலை போதும், தப்பா?
தப்பில்லை, என்றேன்.
வாதாடத் தயாராக வந்திருந்தான் பாவம்,
மிச்சம் பதினெட்டு நிமிடத்தை என்ன செய்வதென்று
இருவருக்கும் தெரியவில்லை.
கால்பந்து பேசினோம்.

பிறகு அபோண்டி.
கணக்கியல், மூன்றாம் ஆண்டு.
செருப்பு வாரைக் கம்பியால் கட்டியிருந்தாள்.
உட்காரவில்லை.

இந்த நிமிடம்
உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?

வரிசை மொத்தமும் வாயை மூடிக்கொண்டது.
நான் எழுந்து கரும்பலகைக்குப் போனேன்.
முதலில் சின்னதாக ஒரு கோடு.
அது கழித்தல் குறி என்று புரிய
அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.
பிறகு எழுதினேன்: இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஷில்லிங்.
சுண்ணக்கட்டி ஒடிந்தது.
உணர்ச்சியால் அல்ல, ஈரக்கட்டி.

மீன் ஏற்றும் என் குளிர்வண்டியைச் செவ்வாய்க்கிழமைதான்
ஒரு பூ வியாபாரிக்கு விற்றேன்.
இப்போது அதில் ரோஜாக்கள் போகின்றன,
வாசம் கொஞ்சம் கலவையாக இருக்கலாம்.

நாற்காலிகள் கிறீச்சிட்டு நெருங்கின.
வரிசை வட்டமாயிற்று.
வண்டியை ஏன் வாங்கினீர்கள்,
வாடகைக்கு எடுத்திருக்கலாமே?
முதலீட்டாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி
மெழுகி வைத்த பதில் ஒன்று இருந்தது.
நாக்கு வரை வந்து திரும்பிப் போனது.
பக்கவாட்டில் என் பெயரை எழுத ஆசை, என்றேன்.
சிரித்தார்கள். நானும்.
ஐந்து மாதத்தில் அந்தச் சிரிப்புதான்
கையைக் கடிக்காதது.

தொழிலுக்கு முதலில் வேண்டியது முதல்,
அந்த முதலுக்கே மோசம் வந்தபின்
முதலில் என்ன வேண்டும்?
இதைக் கேட்டவன் ஒன்யுரோ, அரசாங்க வேலைக்காரன்.

தூக்கம், என்றேன்.
பிறகு பாக்கிப் பட்டியல்.
பெரிய தொகையை மேலே எழுதுவேன் நான்.
தப்பு, என்றாள் அபோண்டி.
யார் வீட்டில் அடுப்பு அணைந்ததோ
அவர் பெயர் மேலே.

என் ஓட்டுநர் ஒபுக்.
இரண்டு மாதச் சம்பளம்.
பட்டியலில் ஏழாவதாக இருந்தார்.

அன்று யாரும் நிமிடம் எண்ணவில்லை.

அடுத்த சனிக்கிழமை
பலகையில் எண் அப்படியே இருந்தது.
துடைக்கிறவர் பாடம் என்று நினைத்திருப்பார்.
அதன் கீழே வேறு வேறு கையெழுத்துகள்:
கழித்தல் முப்பத்தெட்டாயிரம், கல்விக் கட்டணம்.
கழித்தல் அறுநூறு, விடுதிக் கடை.
கழித்தல், எவ்வளவென்று சொல்லமாட்டேன்.
ஓரமாய் ஒரு கூட்டல் குறி:
நூற்றைம்பது. அவித்த முட்டை விற்றேன்.

ஒபுக்குக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்திருந்தேன்.
விரலால் என் எண்ணைத் தேய்த்துத் திருத்தினேன்.
சட்டையெல்லாம் வெள்ளை.

கதவில் அந்தப் பெண் இன்னும் சிரிக்கிறாள்.
கழற்றலாம் என்று போனேன், ஆணி உயரம்.

தேநீர்ப் பையன் சீக்கிரமே வந்துவிட்டான்,
சொந்தக் கோப்பையோடு.